எந்தப் படத்துப் பாட்டு?

உட்கார்ந்து மெட்டுப் போட என் நண்பனுக்கு வராது. ஆர்மோனியத்தின் முன்னால் உட்கார வைத்தால் ஐந்து நிமிடத்தில் எழுந்து வாசலுக்குப் போய்விடுவான். நடந்தால்தான் அவனுக்கு மெட்டு வரும். அதுவும் தெருவில் நாலு எட்டு நடந்தால் போதாது, மலையைச் சுற்ற வேண்டும், பதினான்கு கிலோமீட்டர். எனக்கோ உட்கார்ந்தால்தான் ஒரு வரியாவது வரும். நடந்துகொண்டே எழுதினால் என் கையெழுத்து எனக்கே புரியாது. இப்படி இரண்டு பேர் சேர்ந்து பாட்டுக் கட்டினால் எப்படி விளங்கும்? அவன் 'தன்னன்னா தன்ன தானா' என்று முன்னால் போய்க்கொண்டே இருப்பான். நான் வழியில் வருகிற எட்டு லிங்கக் கோயில்களிலும், லிங்கத்துக்கு லிங்கம், உட்கார்ந்து நோட்டைத் திறப்பேன். எழுதி முடித்து ஓடிப்போய் அவனைப் பிடிப்பதற்குள் மெட்டு வேறாகியிருக்கும். அங்கேயே சண்டை போடுவோம். அந்தக் காலத்தில் பௌர்ணமி தவிர மற்ற நாட்களில் அந்தப் பாதையில் ஆள் நடமாட்டமே இருக்காது என்பதால் எங்கள் சண்டையைக் கேட்கப் புளியமரங்களைத் தவிர யாரும் இல்லை.

எழுபதுகளின் கடைசி வருடங்கள் அவை. எங்களுக்கு இருபது வயதிருக்கும். அவன் அடி அண்ணாமலையில் விவசாயம் செய்கிற குடும்பத்துப் பிள்ளை. டவுனில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் வேலை செய்தான். நான் தேரடி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தேன். படிப்பை முடித்துவிட்டு, டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டு, வேலைக்கு மனுப் போட்டபடி காத்திருந்தேன். காத்திருந்தேன் என்றால் சும்மா இருந்தேன் என்று அர்த்தம் இல்லை. காலில் வெந்நீர் ஊற்றியவன் மாதிரி அலைந்துகொண்டிருந்தேன். வீட்டில் சோறு போடும்போதே அம்மா கேட்பாள், எங்கே அப்படி அவசரமாகப் போகிறாய் என்று. எனக்கே தெரியாதபோது அவளிடம் என்ன சொல்வது?

அந்த வருடங்களில் சினிமாப் பாட்டு எங்கள் கண்ணெதிரிலேயே உருமாறிக்கொண்டிருந்தது. அதுவரை கேட்ட பாட்டுகளில் வயலின்கள் கூட்டமாக வந்து சலாம் போடும், பிறகு பாடகர் செந்தமிழில் காதலைச் சொல்வார். திடீரென்று வயல் வரப்பில் பாடுகிற மாதிரி பாட்டுகள் வந்தன, அடியில் மட்டும் கிட்டார் யாருக்கும் சொல்லாமல் தன் பாட்டுக்கு வேறொரு பாட்டைப் பாடிக்கொண்டிருந்தது. அந்த அடிச் சத்தம் என்னவென்று தெரிந்துகொள்ள அவன் ரிப்பேருக்கு வந்த ரேடியோ பெட்டிகளின் மேல் உள்ளங்கையை வைத்துக் கேட்பான். காதில் விழாதது கையில் தெரியும் என்பான். முதலாளி திட்டுவார். இவன், ஸ்பீக்கர் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறேன் என்று சமாளிப்பான்.

ஒருநாள் செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரன், எங்களைவிட நாலைந்து வயது மூத்தவன், ரிப்பேருக்கு டேப் ரெக்கார்டர் கொண்டுவந்தான். அதைத் திருப்பிக் கொடுக்க நாங்கள் அவன் அறைக்குப் போனோம். தரையில் உட்கார்ந்து கிட்டார் வாசித்துப் பாடினான். நன்றாகவே இருந்தது. முடிந்ததும் என் நண்பன் கேட்டான்:

"விச் பிக்சர்?"

வெள்ளைக்காரனுக்குப் புரியவில்லை. சுவரில் படம் எதுவும் மாட்டியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தான். நான் என்னுடைய ஓட்டை ஆங்கிலத்தில் விளக்கினேன், இது எந்த சினிமாவில் வருகிற பாட்டு என்று கேட்கிறான் என்று. அவன் சிரித்தான். சினிமா எதுவும் இல்லை, இது என் பாட்டு, நான் எழுதி நானே மெட்டுப் போட்டது, எங்கள் ஊரில் என்னைப் போன்ற பையன்கள் எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள் என்றான். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சினிமா இல்லாமல் ஒரு பாட்டு இருக்க முடியும் என்பதே எங்களுக்குத் தோன்றியதில்லை. கோயிலில் பாடுவது இருக்கிறது, நாற்று நடும்போது பாடுவது இருக்கிறது, சாவு வீட்டில் பாடுவது இருக்கிறது. ஆனால் ரேடியோவில் வருகிற மாதிரி ஒரு பாட்டு, ஹீரோ இல்லாமல், கதை இல்லாமல், எவனோ ஒருவன் அறையில் உட்கார்ந்து கட்டியது! திரும்பி வரும்போது சைக்கிளை மிதிக்காமல் தள்ளிக்கொண்டே வந்தோம். அவ்வளவு பேச்சு இருந்தது.

அந்த வெள்ளைக்காரன் மூன்று மாதம் இருந்தான். அதற்குள் என் நண்பன் அவனிடம் கிட்டாரில் கை வைக்கக் கற்றுக்கொண்டுவிட்டான். ஊருக்குக் கிளம்பும்போது அவன் கிட்டாரையே கொடுத்துவிட்டுப் போனான். ஒரு தந்தி அறுந்திருந்தது. அதைக்கொண்டுதான் எங்கள் பாட்டு ஆரம்பமானது.

எங்கள் முதல் நல்ல பாட்டு பிறந்தது ஒரு வசவிலிருந்து. மலை சுற்றுகிறவர்கள் வெறுங்காலோடு சுற்றுவதுதான் வழக்கம். நாங்கள் சாமிக்காகச் சுற்றவில்லையே, அதனால் செருப்புப் போட்டுக்கொண்டு போவோம். அடி அண்ணாமலை தாண்டிப் புல்லுக்கட்டோடு எதிரே வந்த ஒரு பெண்மணி எங்களைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"செருப்பு போட்டுகினு மலை சுத்தறீங்களே, நீங்கல்லாம் நல்லா இருப்பீங்களா?"

"சுத்தலக்கா, பாட்டு கட்டறோம்" என்றான் இவன்.

"பாட்டு கட்டற மூஞ்சியப் பாரு. செருப்பு தேஞ்சதுதான் மிச்சம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

இவன் சிரித்துக்கொண்டே நடந்தான், வாயில் ஏதோ ஒரு மெட்டு ஓட ஆரம்பித்தது. நான் அப்படியே ஒரு கல்லில் உட்கார்ந்தேன்.

நடந்தா தேயும் செருப்பு
நின்னா தேயும் மனசு

எழுதியதை அவனிடம் ஓடிப்போய்க் காட்டினேன். அந்த ஒரு தடவைதான் மெட்டு மாறாமல் எனக்காகக் காத்திருந்தது. மலை சுற்றி ஊருக்குள் வருவதற்குள் சரணம் இரண்டும் முடிந்துவிட்டன. அந்த நாள் எனக்கிருந்த கர்வத்தைச் சொன்னால் இப்போது சிரிப்பீர்கள். சந்துக்குள் நுழையும்போது எதிரில் வந்தவர்கள் எல்லாரும் எனக்கு வழிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

எங்கள் ஊரில் ஒரு மெல்லிசைக் குழு இருந்தது. கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா என்று சுற்று வட்டாரத்தில் கச்சேரி செய்வார்கள். கிட்டார் வாசிக்க இவனைச் சேர்த்துக்கொண்டார்கள். எனக்குக் குரல் பெரியது என்பதால் அறிவிப்பாளர் ஆனேன். 'அடுத்து வருவது' என்று மைக்கைப் பிடித்துப் படத்தின் பெயரைச் சொல்ல வேண்டும், யார் இசை, யார் பாடியது என்று சொல்ல வேண்டும், பாடகர் தண்ணீர் குடிக்கும்போது ஒரு ஜோக் சொல்ல வேண்டும். குழுவின் தலைவர் அக்கார்டியன் வாசிப்பவர், நல்ல மனிதர். எங்கள் பாட்டை வாசித்துக் காட்டினோம். கண்ணை மூடிக் கேட்டார்.

"நல்லாதான்பா கீது. ஆனா ஜனங்க கேக்காது."

"ஏன் கேக்காது?"

"எந்தப் படம்னு கேப்பாங்களே. இன்னா சொல்லுவ?"

நாங்கள் விடவில்லை. நச்சரித்து நச்சரித்து ஒரு கல்யாணத்தில் பாட அனுமதி வாங்கினோம். நான் மைக்கில் கம்பீரமாகச் சொன்னேன்: "அடுத்து வருவது, எங்கள் சொந்தப் பாடல்." அவ்வளவுதான். பந்தலில் உட்கார்ந்திருந்தவர்கள், இதுதான் சாப்பிடப் போகிற நேரம் என்று முடிவு செய்துகொண்டார்கள். முதல் சரணத்தில் பாதி நாற்காலி காலி. இரண்டாம் சரணத்தின்போது பெண் வீட்டார் பக்கத்திலிருந்து ஒரு துண்டுக் காகிதம் மேடைக்கு வந்தது. 'தயவுசெய்து பாட்டு பாடவும்' என்று எழுதியிருந்தது. பாடிக்கொண்டுதானே இருக்கிறோம்! அதைப் படித்துவிட்டு எனக்குத் தலைக்கு மேல் கோபம். அவன் அந்தக் காகிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

இரண்டு வருடம் இப்படியே ஓடியது. அவன் மெட்டுப் போட்டுக்கொண்டே இருந்தான், நான் எழுதிக்கொண்டே இருந்தேன், முப்பது பாட்டு சேர்ந்திருக்கும். எல்லாம் நோட்டில் தூங்கின. சென்னைக்குப் போய் யாராவது ஒரு இசையமைப்பாளரிடம் வாசித்துக் காட்ட வேண்டும் என்பது அவனுக்கு ஒரே ஆசை. அதற்கு முன்னால் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, மனிதர்கள் உட்கார்ந்து கேட்டுத் தலையாட்டுவதைப் பார்த்துவிட வேண்டும் என்பான். "நல்லா இல்லன்னா இங்கியே தெரிஞ்சிடும்டா. அங்க போய் எதுக்கு அசிங்கப்படணும்" என்பான்.

பிறகு அந்த ஆடி மாதம் வந்தது. போளூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் அம்மன் திருவிழா. சாயங்காலமே கச்சேரி ஆரம்பித்துவிட்டது. நாலு பாட்டு முடிவதற்குள் தூறல் போட்டது. ஜனம் எழுந்திருக்க ஆரம்பித்தது. பெண்கள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டார்கள், பாதிப் பேர் மேடைக்குப் போட்டிருந்த கீற்றின் ஓரத்தில் வந்து ஒண்டினார்கள். தலைவர் அடுத்து என்ன என்று என்னைப் பார்த்தார். நான் என் நண்பனைப் பார்த்தேன். அவன் கிட்டாரை மழையில் நனையாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான். எனக்கு என்ன தோன்றியதோ, மைக்கை எடுத்தேன்.

"போகாதீங்க! அடுத்து வருவது, விரைவில் வெளிவர இருக்கும் 'மழைக்கு ஒதுங்கியவர்கள்' திரைப்படத்திலிருந்து, முதன்முறையாக உங்கள் ஊரில்!"

எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். கண்ணால் பார்த்தேன், ஈர மண்ணிலேயே உட்கார்ந்தார்கள். தலைவர் வாயைப் பிளந்தார். என் நண்பன் என்னை ஒரு பார்வை பார்த்தான், வாசிக்க ஆரம்பித்துவிட்டான். அவனேதான் பாடினான். 'நடந்தா தேயும் செருப்பு' என்று ஆரம்பித்ததுமே முன்வரிசையில் ஒரு விசில். இரண்டாம் தடவை பல்லவி வரும்போது கூட்டம் கைதட்டித் தாளம் போட்டது. முடிந்ததும் ஒன்ஸ் மோர். மூன்று தடவை பாட வைத்தார்கள். மழை நின்றுவிட்டதை யாரும் கவனிக்கவில்லை.

மேடைக்குப் பின்னால் அவன் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். "பொய் சொல்லிட்டியேடா பாவி" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான். இரண்டு பேருக்கும் சந்தோஷம் பிடிபடவில்லை. அந்த அளவில் நான் நிறுத்தியிருக்கலாம்.

நிறுத்தவில்லை. அடுத்த கச்சேரியிலும் அதே அறிவிப்பு. அதற்கடுத்த கச்சேரியிலும் அதே. மைக் செட்காரர் ஒருவர் கச்சேரியை கேசட்டில் பிடித்து ஊர் ஊராகப் போட்டார். ஆரணிப் பக்கத்துக் குழு ஒன்று எங்களைப் பார்த்து எழுதிக்கொண்டு பாடியது, அவர்களும் அதே படத்தின் பெயரைச் சொல்லித்தான். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் என்னைப் பிடித்துக்கொண்டு கேட்பார்கள், படம் எப்போது வருகிறது என்று. நான் சொல்வேன், ஷூட்டிங் பாதி முடிந்துவிட்டது. கதை என்ன? மழைக்கு ஒதுங்குகிற நாலு பேர். ஹீரோ? புதுமுகம். எனக்கு அதில் ஒரு போதை ஏறிவிட்டது. யாரும் படிக்காத கவிதை எழுதியவன் நான், இப்போது ஊரே காத்திருக்கிற படத்தை வாயாலேயே எடுத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஒருவர் கேட்டார்:

"மியூசிக் யாரு?"

"அவருதான்" என்றேன்.

அந்த நாளில் அவர் என்றால் யார் என்று திருப்பிக் கேட்பவர் தமிழ்நாட்டில் கிடையாது. டீக்கடைக்காரர் தலையை ஆட்டினார். "நெனச்சேன். அவரத் தவிர வேற யாரு போட முடியும்?" என்றார்.

என் நண்பன் பக்கத்தில்தான் நின்றிருந்தான், கையில் டீ கிளாஸ். வெளியே வந்ததும் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சொன்னான்.

"டேய், படத்துக்கு நீ இன்னா வேணா பேரு வை. கதையும் வுட்டுக்கோ. ட்யூன் மட்டும் என்னுதுனு இருக்கட்டும்."

"சும்மா தமாஷுக்குடா. உன் ட்யூன அவருதுனு நம்பறாங்கன்னா எவ்ளோ பெரிய விஷயம் அது!"

அவன் யோசித்தான். அது அவனுக்குக் கொஞ்சம் பிடித்தும் இருந்தது என்று நினைக்கிறேன். "சரி, வுடு" என்றான். நான் விட்டேன் என்று சொல்ல முடியாது. அதன் பிறகு யாரும் கேட்காமலேயே மைக்கில் 'இசை, நீங்கள் அறிந்த அவர்' என்று சொல்ல ஆரம்பித்தேன். கைதட்டல் ஜாஸ்தி வந்தது.

தை மாதம் அவன் சென்னைக்குக் கிளம்பினான். மனிதர்கள் உட்கார்ந்து கேட்பதைப் பார்த்துவிட்டான், இனி என்ன பயம். கூட நானும் போயிருக்க வேண்டியது. எனக்கு அந்த வாரம்தான் அரசாங்க அலுவலகம் ஒன்றில் டைப்பிஸ்ட் வேலைக்கு நேர்முகம் வந்தது. பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். கிட்டாரை மேலே போடச் சொன்னார் கண்டக்டர். இவன் முடியாது என்று மடியில் வைத்துக்கொண்டான். ஜன்னல் வழியாக, "செருப்பு பாட்டத்தான் மொதல்ல பாடப் போறேன்" என்று கத்தினான். பஸ் போன பிறகும் நான் பஸ் ஸ்டாண்டிலேயே சுற்றிக்கொண்டிருந்தேன். மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. நேர்முகத்தில் என்ன கேட்டார்கள், என்ன சொன்னேன் என்று ஒன்றும் நினைவில்லை. வேலை மட்டும் கிடைத்தது.

நான்காம் நாள் அவன் ரேடியோ கடையில் உட்கார்ந்து சால்டரிங் செய்துகொண்டிருக்கிறான் என்று யாரோ சொன்னார்கள். ஊருக்கு வந்துவிட்டு என்னைப் பார்க்க வரவில்லை என்றால்? ஓடினேன். நான் உள்ளே போனதை அவன் கவனித்தான், தலையைத் தூக்கவில்லை.

"எப்படா வந்த? இன்னா சொன்னாங்க?"

நான் மறுபடி மறுபடி கேட்டேன். கடைசியில் கையில் இருந்ததைக் கீழே வைத்தான். நடந்ததை அவன் சொன்னது இவ்வளவுதான். இரண்டு நாள் ஒரு இசையமைப்பாளரின் வாசலில் நின்றான். மூன்றாம் நாள் அவருடைய உதவியாளர் ஒருவர் இரக்கப்பட்டு உள்ளே கூப்பிட்டு, ஒரு பாட்டு பாடிக் காட்டு, நன்றாக இருந்தால் ஐயாவிடம் சொல்கிறேன் என்றார். இவன் கிட்டாரை எடுத்து வாசித்துப் பல்லவியைப் பாடினான். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

அந்த உதவியாளருக்குச் சொந்த ஊர் போளூர். ஆடித் திருவிழாவுக்கு வந்திருக்கிறார், பிறகு ஊருக்கு வந்தபோது 'இசை, நீங்கள் அறிந்த அவர்' என்ற என் அறிவிப்போடு கேசட்டிலும் கேட்டிருக்கிறார்.

"இத நான் கேட்டுகீறேன்பா. படத்துப் பாட்டாச்சே இது. அடுத்தவர் ட்யூன எடுத்துகினு வந்து என்கிட்டயே பாடறியா? அதுவும் யாரோட ட்யூனு?" என்று கேட்டாராம்.

இவன் என்னென்னவோ சொல்லிப் பார்த்திருக்கிறான். படமே இல்லை சார், என் நண்பன் சும்மா சொன்னது சார் என்று. அவர் நம்பவில்லை. யார்தான் நம்புவார்கள்? இல்லாத படத்தின் பெயரை எவனாவது மைக்கில் சொல்வானா? வாட்ச்மேனைக் கூப்பிட்டு வெளியே அனுப்பிவிட்டார். மற்ற பாட்டுகளைப் பாடவே இல்லை.

சொல்லி முடித்துவிட்டு அவன் என்னை நேராகப் பார்த்தான். "வார்த்த உன்னுது. அத்த நீ எடுத்துக்கோ. என் ட்யூன குடுத்துடு" என்றான்.

கொடுத்துவிடு என்றால் எப்படிக் கொடுப்பது? ஏதாவது சொல்ல வேண்டும் என்று, ஊரில் எல்லார் முன்னாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவன் சால்டரிங் இரும்பை எடுத்துக்கொண்டான். வெட்கம் பிடுங்கித் தின்றது எனக்கு. அன்று சாயங்காலம் தனியாக மலையைச் சுற்றினேன். அந்த மெட்டு இல்லாமல் என் வரிகளை மட்டும் சொல்லிப் பார்த்தேன், முடியவில்லை, வாயைத் திறந்தாலே மெட்டோடுதான் வந்தது. அவனுடைய பொருள் என்னிடம் இருக்கிறது, திருப்பிக் கொடுக்க வழி இல்லை, வைத்துக்கொள்ளவும் கூச்சமாக இருக்கிறது. திருடன் என்று பெயர் வாங்கியது அவன். திருடியது நான்.

சொன்னபடி செய்தேன். பங்குனியில் செங்கத்துப் பக்கம் ஒரு கச்சேரி. கூட்டம் 'செருப்பு, செருப்பு' என்று கேட்டது. நான் மைக்கைப் பிடித்தேன்.

"ஐயா, அம்மா, எல்லாரும் கேளுங்க. அப்படி ஒரு படமே கிடையாது. நான் சொன்னது பொய். இந்தப் பாட்டுக்கு இசை போட்டது தோ, இங்க கிட்டார் வாசிக்கிறாரே, இவர்தான். எழுதினது நான்."

பின்னாலிருந்து ஒரு குரல்:

"யோவ், படம் பொட்டிக்குள்ள போயிடுச்சுன்னு சொல்லு! அதுக்கு ஏன்யா இவ்ளோ கத உடற?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. இன்னொருவர் எழுந்து, படம் நின்றுபோனால் என்ன, பாட்டைப் பாடுங்கள் என்று தாராளமாக அனுமதி கொடுத்தார். நான் 'இல்லீங்க, இல்லீங்க' என்று கத்தினேன். கத்தக் கத்தச் சிரிப்பு ஜாஸ்தியானது. அவன் கிட்டாரைத் தோளிலிருந்து கழற்றி உறையில் போட்டு, மேடையின் பின்பக்கமாக இறங்கிப் போய்விட்டான். அன்றோடு குழுவுக்கும் வரவில்லை.

அதற்குப் பிறகு எல்லாமே வேகமாக மாறியது. குழுவில் கீபோர்டு வந்தது. ஒரு பட்டனைத் தட்டினால் டிரம், பாங்கோஸ் எல்லாம் தானே வாசித்துக்கொள்ளும் பெட்டி வந்தது. ஒன்பது பேர் இருந்த குழு ஐந்து பேராகச் சுருங்கியது. பாட்டுகளும் மாறின, வேகம் ஏறியது, என்ன வார்த்தை என்று கேட்பவர் குறைந்தார்கள். நான் அறிவிப்பாளர் வேலையை விட்டேன், அலுவலகத்தில் நாள் முழுக்க அடுத்தவர் எழுதியதை டைப் அடித்தேன். அவன் ரேடியோ கடையை விட்டுச் சன்னதித் தெருப் பக்கம் சின்னதாக ஒரு கேசட் கடை போட்டான். ஜனங்கள் பட்டியல் எழுதிக் கொடுப்பார்கள், வேண்டிய சினிமாப் பாட்டுகளைப் பொறுக்கிப் பதிவு செய்து கொடுப்பான். நாங்கள் பேசிக்கொள்ளாமல் இல்லை. எதிரே பார்த்தால் நிற்போம், டீ குடிப்போம், எந்தப் பாட்டு ஓடுகிறது, எது ஓடவில்லை என்று பேசுவோம். மெட்டுப் போடுவதில்லையா என்று ஒரே ஒரு முறை கேட்டேன். "நடக்கறதுக்கு எங்க நேரம்" என்றான். அந்தப் பாட்டை அவன் முணுமுணுத்துக்கூட நான் கேட்கவில்லை. யாராவது பட்டியலில் எழுதிக்கொண்டு வந்தால் இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுவான்.

எண்பதுகள் முடியப் போகிற சமயத்தில் பௌர்ணமிக்குக் கூட்டம் வர ஆரம்பித்துவிட்டது. காலையிலிருந்தே பஸ் பஸ்ஸாக வந்து இறங்கினார்கள். கோபுரத்துக்கு எதிரில் தரையில் சாக்கு விரித்துப் பக்திப் பாட்டுப் புத்தகம் விற்பார்கள், பதினாறு பக்கம், மஞ்சள் அட்டை. இந்தப் புத்தகங்களில் ஒரு வழக்கம் உண்டு. யாரோ ஒரு பக்தர், புகழ்பெற்ற சினிமாப் பாட்டின் மெட்டில் சாமி மேல் வார்த்தை போட்டிருப்பார். எப்படிப் பாடுவது என்று தெரிய வேண்டும் இல்லையா, அதனால் ஒவ்வொரு பாட்டுக்கும் மேலே 'மெட்டு' என்று போட்டு அந்த சினிமாப் பாட்டின் முதல் வரியை அச்சடிப்பார்கள். அலுவலகம் போகிற வழியில் சும்மா ஒன்றை எடுத்துப் புரட்டினேன். பதினோராம் பக்கத்தில் இருந்தது.

மெட்டு: நடந்தா தேயும் செருப்பு

மலையாய் நின்ற நாதா – என்
மனதில் நின்றால் ஆகாதா

முதலில் வந்தது கோபம்தான், மறைக்க மாட்டேன். என் வரியைத் தூக்கி எறிந்துவிட்டு எவனோ ஒருவன் நாதா, ஆகாதா என்று போட்டிருக்கிறான்! அந்தக் கோபம் இரண்டு தெரு வரைக்கும் இருந்தது. அலுவலகத்துக்குப் போகிற கால் கேசட் கடைக்குப் போயிருந்தது.

கடையில் யாரும் இல்லை. அவன் முன்னால் புத்தகத்தைப் பிரித்து வைத்தேன். 'மெட்டு' என்ற வரியை விரலால் தொட்டுப் படித்தான். ஓடிக்கொண்டிருந்த கேசட்டை நிறுத்தினான். எழுந்து நின்றான். கடைக்குள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நாலு எட்டுதான், அதிலேயே நடந்தான். வாய்க்குள் ஆரம்பித்தவன் இரண்டாம் தடவை குரலை விட்டே பாடினான். பல வருடங்களுக்குப் பிறகு அந்த மெட்டு அவன் வாயிலிருந்து வந்தது. 'நாதா' என்ற இடத்தில் குரல் மேலே போய் அப்படியே நின்றது, நின்றுகொண்டே இருந்தது. என் பாட்டில் அந்த இடத்தில் அது நின்றதே இல்லை.

"பாத்தியா? உன் வரியவுட இது நல்லா உக்காருதுடா" என்றான். முகமெல்லாம் சிரிப்பு. "செருப்புன்னா அந்த எடத்துல ப்புனு வாய மூடணும். அங்கதான் ட்யூனு தொறக்குது. இவன் ஆனு தொறந்து வுட்டுட்டான். எனக்கு அப்பத்திலேர்ந்தே அங்க இடிக்கும்."

"அப்பத்திலேர்ந்தேவா?"

"மலை சுத்தினு வந்தமே, அன்னிலேர்ந்தே."

"ஏன்டா சொல்லல? சொல்லியிருந்தா அங்கியே மாத்தியிருப்பேனே!"

அவன் புத்தகத்தை மூடி என்னிடம் கொடுத்தான். "நீ எழுதினத நான் எப்பிடிடா மாத்தச் சொல்றது? அது உன்னுதாச்சே" என்றான்.

சாதாரணமாகத்தான் சொன்னான். குத்திக் காட்டுகிற பழக்கம் அவனுக்கு எப்போதும் கிடையாது. நான் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவன் கடையிலேயே நின்றேன், அன்று அலுவலகத்துக்குப் போகவில்லை.